வேதக்காரிகள்

பினாங்கு சூலியா தெருவில் ஒரு கடைவீட்டு மாடியில் மூன்று வருடம் போல வியாழக்கிழமைதோறும் நாலு மணிக்குப் போய் உட்கார்ந்திருக்கிறேன். கீழே பணம் மாற்றும் கடை. பக்கத்தில் வெள்ளைக்காரப் பயணிகள் தங்கும் மலிவு விடுதி. அஞ்சடி முழுக்க மோட்டார் சைக்கிள்கள். மாடிப்படி செங்குத்து. அம்மாவுக்கு மூட்டுவலி வந்ததிலிருந்து ஏறுவதற்குத் துணை தேவைப்பட்டது, அப்படித்தான் நானும் அந்தக் கூட்டத்தில் ஓர் ஆளானேன். என் விசுவாசம் எந்த அளவில் இருக்கிறது என்பது இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லாதது. அம்மாவே அதைக் கேட்பதை விட்டுப் பல வருடமாகிறது.

எட்டு அல்லது ஒன்பது பெண்கள் வருவார்கள். பெரும்பாலும் மெதடிஸ்ட்கள், ஒருவர் கத்தோலிக்கர், ஒருவர் எந்தச் சபைக்கும் ஒழுங்காகப் போகாதவர். வயது வித்தியாசம் பார்க்காமல் ஒருவரையொருவர் ‘சிஸ்டர்’ என்பார்கள், எண்பது தாண்டிய ஒருவரை மட்டும் எல்லாரும் பாட்டி என்போம். ஒருவர் ஒரு வசனம் வாசிக்க, அடுத்தவர் அடுத்த வசனம். ஒரு அதிகாரம் முடிந்ததும் பேச்சு. நடுவில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலிலிருந்து அசர் பாங்கு கேட்கும். அது முடியும்வரை வாசிப்பை நிறுத்திவிட்டு தே-ஓ ஊற்றுவார்கள். யாரும் அப்படி விதி போடவில்லை. பாங்கு நேரத்தில் சத்தம் போட்டு வாசித்தால் நமக்கே காது கேட்காது என்பதுதான் காரணம் என்று அம்மா சொன்னார். எனக்கு அந்த விளக்கம் பிடித்திருந்தது.

பாட்டி பள்ளிக்கூடம் போனதில்லை. செபராங் பிறையில் ஒரு தோட்டத்தில் பிறந்தவர், கையெழுத்துக்குப் பதில் பெருவிரல். வாசிப்பு அவர் முறைக்கு வரும்போது பக்கத்திலிருப்பவர் அவருக்காக வாசிப்பார். ஆனால் கூட்டத்தில் யாராவது ஒரு சொல்லை விழுங்கினால், ஒரு வரியைத் தாண்டினால், பாட்டிதான் நிறுத்துவார். “இல்லம்மா, அங்க இன்னொரு வார்த்தை இருக்கு. திரும்ப வாசி.” திரும்ப வாசித்தால் இருக்கும். அறுபது எழுபது வருடமாகக் கேட்டே மனதில் ஏறிய புத்தகம் அது. தமிழ் வாசகர் என்று யாரையெல்லாம் கணக்கில் எடுத்துக்கொள்கிறோம் என்ற கேள்வி எனக்கு முதலில் வந்தது அந்த மாடியில்தான்.

நாம் இன்று இலக்கிய உலகில் ‘வாசிப்பு’, ‘வாசகர்’ என்று சர்வசாதாரணமாகச் சொல்கிறோம். தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் அந்தச் சொல் வேறு அழுத்தத்தோடு புழங்கியது. பாடத்தைப் ‘படிப்பார்கள்’, வேதத்தை ‘வாசிப்பார்கள்’. வீணையை வாசிப்பதுபோல, வாய்விட்டு, மற்றவர் கேட்க. தனியாக மூலையில் உட்கார்ந்து கண்ணால் வரிகளை மேய்வது அந்தச் சொல்லின் முதல் பொருளில் இல்லவே இல்லை.

இன்னொரு சொல்லும் இருக்கிறது. திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமங்களில் கிறிஸ்தவர்களை ‘வேதக்காரங்க’ என்பார்கள். சர்ச்சு ‘வேதக்கோயில்’. மதம் மாறுவது ‘வேதத்துல சேர்றது’. பாட்டி தன் பெற்றோரைப் பற்றிச் சொல்லும்போது இந்தச் சொல்லைத்தான் பயன்படுத்துவார்: “எங்கம்மா வேதக்காரி.” பழக்கத்தில் தேய்ந்துபோனதால் இந்தச் சொல்லின் விசித்திரம் நமக்கு உறைப்பதில்லை. வேதம் என்பது பெண்களும் சூத்திரர்களும் காதால் கேட்கவே தடைசெய்யப்பட்டிருந்த ஒன்று. தமிழில் அதற்கு எழுதாக்கிளவி என்றே ஒரு பெயர் உண்டு, எழுதப்படாமல் வாய்வழியே காக்கப்பட்டது என்ற பொருளில். தங்கள் நூலுக்கு என்ன பெயர் வைப்பது என்று யோசித்த புராட்டஸ்டண்ட் மொழிபெயர்ப்பாளர்கள் வேதத்தையும் ஆகமத்தையும் சேர்த்து ‘வேதாகமம்’ என்றார்கள். அந்த இரண்டு சொற்களின் அதிகாரமும் அவர்களுக்கு வேண்டியிருந்தது. விளைவு, பனையேறியின் மனைவியும் வயலில் கூலிக்கு நின்றவளும் ஊர் வாயில் வேதக்காரி ஆனார்கள். ஏளனமாகச் சொன்னவர்களும் உண்டு, என்றாலும் பெயர் பெயர்தான்.

இந்தக் கதையின் தொடக்கத்திலும் பெண் இருக்கிறாள். தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த சீகன்பால்கு அடுத்த வருடமே பெண் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி தொடங்கினார். அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு 1714-15இல் அங்கேயே அச்சானது. ஆனால் நான் சொல்ல வந்த பெண் கிளாரிந்தா. தஞ்சாவூர் மராட்டியப் பிராமணக் குடும்பத்துக் கைம்பெண், பிறந்த பெயர் கோகிலா. உடன்கட்டையிலிருந்து லிட்டில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி அவரைக் காப்பாற்றினார் என்று சொல்லப்படுகிறது. இருவரும் சேர்ந்து வாழ்ந்தார்கள். ஞானஸ்நானம் கேட்டபோது, மணமாகாமல் சேர்ந்து வாழ்பவர் என்பதால் சுவார்ட்ஸ் ஐயர் மறுத்தார். லிட்டில்டன் இறந்த பிறகு 1778இல் பாளையங்கோட்டையில் கொடுத்தார். 1780இல் எழுதப்பட்ட சபைப் பதிவேட்டில் 40 பெயர்கள், முதல் பெயர் கிளாரிந்தாவுடையது. 1785இல் அவர் முயற்சியில் எழுந்த ஆலயத்தை இன்றும் பாப்பாத்தியம்மாள் கோயில் என்கிறார்கள். அ. மாதவையா 1915இல் இவரைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நாவலே எழுதினார்.

பின்னாளில் தென்னிந்தியாவின் மிகப் பெரிய புராட்டஸ்டண்ட் சமூகங்களில் ஒன்றாக வளர்ந்த திருநெல்வேலித் திருச்சபையின் முதல் வரியில் ஒரு கைம்பெண்ணின் பெயர் நிற்கிறது. அந்தப் பெண்ணுக்கு முதலில் தண்ணீர் மறுக்கப்பட்டது என்பதும் அதே கதையில்தான் இருக்கிறது.

கிளாரிந்தாவுக்குப் பெயராவது கிடைத்தது. அவருக்குப் பிறகு வந்த நூறு வருடத்தில் கூடிக்கூடி வாசித்த பெண்களைத் தேடினால் எண்ணிக்கைதான் கிடைக்கும்.

நாகர்கோவில் பக்கம் லண்டன் மிஷன் குருமார்களின் மனைவிகள் 1820களில் நடத்திய பள்ளிகளில் எழுத்தும் ஊசியும் ஒன்றாகக் கற்பிக்கப்பட்டன. லேஸ் பின்னி விற்ற காசில் அடிமைப் பெண்கள் சிலர் தங்கள் விடுதலையை வாங்கினார்கள். அந்தப் பகுதியில் ஒரு பெண் வேதம் கேட்க வந்து உட்கார வேண்டுமென்றால் முதலில் மார்பை மூட வேண்டும், மூடினால் தெருவில் அடி விழும். குப்பாயம் போட்டதற்காகத் துணி கிழிக்கப்பட்ட பெண்களின் போராட்டம் 1859இல் திருவிதாங்கூர் அரசின் பிரகடனம் வரும்வரை நீண்டது. நாங்கள் வியாழக்கிழமை சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு மாடிப்படி ஏறிப் போய் உட்காருவதற்குப் பின்னால் இப்படியும் ஒரு தூரம் இருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் 1824இல் உடுவிலில் பெண்களுக்கு விடுதிப் பள்ளி தொடங்கியது. தொடங்கியவர் ஹாரியட் வின்சுலோ. படித்த பெண்ணை யார் கட்டுவான் என்று பெற்றோர் பயந்ததால், படிப்பு முடியும்வரை இருந்த பெண்களுக்கு மிஷனே சீதனம் கொடுத்த காலமும் இருந்தது. நல்ல கிறிஸ்தவ உபதேசிக்கு நல்ல கிறிஸ்தவ மனைவி வேண்டும் என்பதுதான் அங்கே வெளிப்படையாகச் சொல்லப்பட்ட நோக்கம். இதை மறைத்துவிட்டு மிஷன் பள்ளிகளை விடுதலைக் கோட்டைகளாக வரைவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் 1840இல் அங்கே வந்து சுமார் நாற்பது வருடம் கழித்த எலைசா ஆக்னியூவை ‘ஆயிரம் பெண்களின் தாய்’ என்று நினைவுகூர்கிறார்கள். அவரிடம் படித்த அந்த ஆயிரம் பேரும் மனைவி என்ற வேலையோடு நின்றுவிடவில்லை.

ஒரு சின்ன இடைச்செருகல். அதே யாழ்ப்பாணத்தில்தான் பீட்டர் பெர்சிவலோடு உட்கார்ந்து விவிலியத்தைத் தமிழாக்க உதவினார் ஆறுமுக நாவலர். அது 1850இல் வெளிவந்தது. கிறிஸ்தவத்தை எதிர்த்துச் சைவத்தை நிமிர்த்தியவரின் கை பட்ட பைபிள் அது. பிறகு சென்னையில் ஹென்றி பவர் தலைமையில் இன்னொரு குழு கூடி 1871இல் கொண்டுவந்த பதிப்புதான், சிறு திருத்தங்களோடு, இன்றும் பெரும்பாலான புராட்டஸ்டண்ட் வீடுகளில் இருக்கிறது. அந்தக் குழுக்களில் ஒரு பெண்கூட இல்லை. அதை அதிகம் வாசித்துக் கிழித்தவர்கள் மட்டும் பெண்கள்.

‘பைபிள் உமன்’ என்ற சொல் 1857இல் லண்டனில் பிறந்தது. எல்லன் ரன்யார்ட் என்பவர், சேரிப் பெண்களிடம் பைபிள் விற்கவும் வாசித்துக்காட்டவும் அதே சேரியிலிருந்து மரியன் என்ற ஏழைப் பெண்ணைச் சம்பளத்துக்கு அமர்த்தினார். சீமாட்டிகள் நுழைய முடியாத வீட்டுக்குள் அக்கம்பக்கத்துப் பெண் நுழைவாள் என்பது கணக்கு. அந்த ஏற்பாடு சீக்கிரமே தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் வந்தது. வெளியே வராத பெண்களைத் தேடி வீட்டுக்குள்ளே போக வேண்டும், அதற்குப் பெண்தான் வேண்டும், அதிலும் தமிழ் பேசும் பெண் வேண்டும். பெரும்பாலும் கைம்பெண்களைத் தேர்ந்தெடுத்தார்கள், அவர்கள் ஊர் சுற்றுவதைக் கேட்க வீட்டில் ஆள் இல்லை என்பதால். மாதம் சில ரூபாய் சம்பளம், ஒரு குடை, ஒரு பை, பைக்குள் பிரித்து அச்சிட்ட சுவிசேஷப் புத்தகங்கள், அரிச்சுவடி.

அரிச்சுவடியை மறக்கக்கூடாது. வேதத்தைக் கொடுக்க வேண்டுமானால் முதலில் எழுத்தைக் கொடுக்க வேண்டும். ஆகவே வேதஸ்திரீ அடுப்படிப் பள்ளிக்கூட வாத்தியாரும்கூட. எத்தனையோ வீடுகளில் எழுத்தை வாங்கிக்கொண்டு வேதத்தை வாசலிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். சமர்த்துதான். மிஷன் அறிக்கைகள் அதை ஒரு பெருமூச்சோடு பதிவு செய்கின்றன.

சென்னையில் இந்த வேலையைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர் அன்னா சத்தியநாதன். திருநெல்வேலிக்காரர், தென்னிந்தியாவின் முதல் இந்திய ஆங்கிலிக்கன் குருவான ஜான் தேவசகாயத்தின் மகள். 1863இல் கணவரோடு சென்னைக்கு வந்தவர், பெண்களுக்குப் பள்ளி தொடங்கினார், வீடு வீடாகப் போனார், ‘நல்ல தாய்’ என்று ஒரு சிறுநூலும் எழுதினார். அவருடைய மருமகள் கிருபாபாய் சத்தியநாதன்தான் ‘சகுணா’ நாவலை எழுதியவர், இந்தியப் பெண் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதிய தொடக்ககாலத் தன்வரலாற்று நாவல் அது. இந்திய இலக்கிய வரலாற்றில் கிருபாபாய்க்கு ஒரு பத்தி உண்டு. அவருடைய மாமியார் திண்ணை திண்ணையாக ஏறி எழுத்துச் சொல்லிக்கொடுத்ததற்கு அங்கே இடமில்லை.

அன்னாவுக்குப் பெயர் இருப்பது அவர் குருவின் மகள், குருவின் மனைவி என்பதால். மற்றவர்களை நான் வாசித்த அறிக்கைகளில் ‘நம் பைபிள் பெண்களில் ஒருத்தி’ என்றுதான் காண்கிறோம். எத்தனை வீடு போனாள், எத்தனை பேருக்கு வாசித்தாள், எத்தனை புத்தகம் விற்றாள் என்று கட்டம் கட்டமாகக் கணக்கு இருக்கும். அந்தக் கணக்கை எழுதிக் கொடுத்தவளே அவள்தான். பெயர் மட்டும் மேலே போகும் வழியில் உதிர்ந்துவிடும்.

பொன்னம்மாள் இதில் விலக்கு. எமி கார்மைக்கேல் டோனாவூர் இல்லத்துக்காகப் பெயர் பெற்றவர், அதற்கு முன்னால் பண்ணைவிளையில் தங்கித் தமிழ்ப் பெண்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு மாட்டுவண்டியில் ஊர் ஊராகப் போனார். நட்சத்திரக் கூட்டம் என்று அவர்களுக்குப் பெயர். கூடாரம் அடித்துத் தங்குவார்கள். காலையில் தாங்கள் சேர்ந்து வேதம் வாசிப்பார்கள், பிறகு ஊருக்குள் போவார்கள். பாளையங்கோட்டையில் மாமனார் வீட்டில் முடங்கிக் கிடந்த இளம் கைம்பெண் பொன்னம்மாள் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தார். அந்தப் பெண்கள் நகைகளைக் கழற்றி வைத்தபோது கிறிஸ்தவ உறவினர்களே கொதித்தார்கள். நகையில்லாத பெண் வீட்டுக்கு அவமானம் அல்லவா! 1915இல் புற்றுநோயில் பொன்னம்மாள் இறந்தார். கார்மைக்கேல் அவர் பெயரிலேயே ஒரு புத்தகம் எழுதியதால் நமக்கு அவரைத் தெரிகிறது. வண்டியில் கூட இருந்த மற்றவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

கடல் கடந்த கதைக்கு வருகிறேன். பினாங்கை 1786இல் பிரான்சிஸ் லைட் கும்பினிக்காக எடுத்துக்கொண்டபோதே தமிழ் வணிகர்கள் இங்கே வந்துவிட்டார்கள். சூலியா என்பது ஆங்கிலேயர்கள் தமிழ் முஸ்லிம்களைக் குறிக்கப் பயன்படுத்திய பெயர். தொடக்ககாலத்தில் இதே தெருவுக்கு மலபார் தெரு என்று பெயர். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும், தெருவின் மறுபக்கம் நாகூர் தர்காவும் அந்தக் காலத்துக் கால்தடங்கள். நாகூர் என்றதும் சித்தி ஜுனைதா பேகம் ஞாபகம் வருகிறார். அதே ஊரில் வீட்டுக்குள் இருந்தபடி 1938இல் ‘காதலா கடமையா’ என்று நாவல் எழுதியவர். திரைக்குப் பின்னால் வாசித்த தமிழ்ப் பெண்களின் வரலாற்றைக் கிறிஸ்தவப் பக்கத்திலிருந்து மட்டும் எழுதினால் அது ஒற்றைக்கால் வரலாறாகிவிடும் என்பதால் இதைச் சொல்லிவைக்கிறேன்.

தெருவின் மேற்கு முனை பினாங்கு சாலையில் முட்டுகிறது. அங்கிருந்து வடக்கே நடந்தால் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்கென்று 1857இல் உருவான புனித பிரான்சிஸ் சவேரியார் ஆலயம். அதற்கு ஐந்து வருடம் முன்பே, 1852இல், குழந்தை இயேசு சபைக் கன்னியர் பினாங்கில் வந்திறங்கிப் பெண்களுக்குப் பள்ளி தொடங்கியிருந்தார்கள். மெதடிஸ்ட்கள் தாமதம். 1891 மே மாதம் கார்னார்வன் தெருவில், சூலியா தெருவிலிருந்து கொஞ்ச நேர நடையில், ஒரு கடைவீட்டில் ஆங்கிலோ-சீனப் பள்ளி தொடங்கியது.

மலாயாவில் மெதடிஸ்ட் பெண்கல்வி தொடங்கியதே தமிழர்களால்தான் என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். சோபியா பிளாக்மோர் என்ற ஆஸ்திரேலியப் பெண் 1887 ஜூலையில் சிங்கப்பூர் வந்தார். எங்கள் பெண்களுக்கு ஒரு பள்ளி வேண்டும் என்று கேட்டவர்கள் அங்கிருந்த தமிழ் வணிகர்கள். ஆகஸ்ட் 15இல் ஷார்ட் தெருவில் ஒரு கடைவீட்டில் ஒன்பது பெண்களோடு தமிழ்ப் பெண்கள் பள்ளி திறந்தது. இன்று சிங்கப்பூரில் பெயர்பெற்ற மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியின் வேர் அதுதான். ‘தமிழ்’ என்ற சொல் பெயரிலிருந்து போய்விட்டது. பிளாக்மோரும் முதலில் வீடு வீடாக ஏறி இறங்கிப் பிள்ளைகளைக் கேட்டவர்தான்.

யாழ்ப்பாணத்துக் கிளார்க்குகளும் ரயில்வே ஊழியர்களும் மலாயாவுக்கு வந்தபோது படித்த மனைவியரும் வந்தார்கள். திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து தோட்டத்துக்கு வந்தவர்களில் எழுத்தறியாத கிறிஸ்தவப் பெண்கள் இருந்தார்கள். இந்த இரண்டு வகைப் பெண்களும், சாதியாலும் கணவன் சம்பளத்தாலும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போக மாட்டாதவர்கள், ஒரே பாயில் உட்கார நேர்ந்த இடங்களில் ஒன்று வேதவாசிப்புக் கூட்டம். சமமாக உட்கார்ந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. பாட்டி சொல்வார்: “கிராணி சம்சாரம் நாற்காலில, நாங்க கீழ. ஆனா வசனம் கேட்டா நான்தான் முதல்ல சொல்லுவேன். அதுக்கு அந்தம்மா ஒண்ணும் பண்ண முடியாதே.”

அப்படிக் கூடியவர்கள் வாசித்த அதே புத்தகத்தில், கொரிந்து சபைக்கு எழுதிய முதல் கடிதத்தில், பெண்களைச் சபையில் வாய்மூடி இருக்கச் சொல்கிறார் பவுல். ஞாயிற்றுக்கிழமை பிரசங்க மேடை ஆண்களுடையது. தென்னிந்தியத் திருச்சபைக்கு ஒரு பெண் பிஷப் வர 2013 ஆனது. மேடை இல்லாத பெண்களுக்கு வாரத்தின் நடுவில் ஒரு பாய் கிடைத்தது. அதைச் சபைகள் கண்டுகொள்ளவில்லை, ‘பொம்பளைங்க ஜெபக்கூட்டம்’தானே என்று விட்டுவிட்டார்கள். அங்கே நடந்தது வியாக்கியானம் என்று யாரும் நினைக்கவில்லை, அந்தப் பெண்களே நினைக்கவில்லை. பண்டித ரமாபாய் அந்த எல்லையைத் தாண்டியவர். எபிரேயமும் கிரேக்கமும் கற்று, படிக்காத பெண்ணுக்கும் புரியும் மராத்தியில் முழு பைபிளையும் தானே மொழிபெயர்த்தார். முக்தி இல்லத்துப் பெண்களே அச்சுக்கோத்து அடித்தார்கள். 1922இல், வேலையை முடித்த கையோடு இறந்தார். தமிழில் நமக்கு ஒரு ரமாபாய் வாய்க்கவில்லை. பாட்டிகள் வாய்த்தார்கள்.

எங்கள் மாடியில் இரண்டு தமிழ் இருந்தது. மெதடிஸ்ட் சிஸ்டர்களிடம் பவர் பதிப்பின் வழிவந்த வேதாகமம். கத்தோலிக்க சிஸ்டரிடம் இரு தரப்பும் சேர்ந்து செய்து 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு, திருவிவிலியம். ஒரே வசனத்தில் இங்கே கர்த்தர், அங்கே ஆண்டவர். இங்கே கிருபை, அங்கே அருள். இங்கே சங்கீதம், அங்கே திருப்பாடல். தனித்தமிழ் இயக்கம் நூறு வருடம் மேடையில் பேசியது, இந்தப் பாயில் இரண்டு புத்தகமாகப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. கத்தோலிக்க வீடுகளில் பெண்கள் பைபிளைக் கையில் வைத்து வாசிப்பது இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு, அதாவது 1960களுக்குப் பின்புதான் பரவலானது. அதற்கு முன் ஜெபமாலையும் ஞானோபதேசமும். அதனாலோ என்னவோ அந்தச் சிஸ்டர் எல்லாரையும்விடக் கவனமாக, ஏதோ அனுமதி கிடைத்த பொருளைத் தொடுவதுபோலப் பக்கத்தைப் புரட்டுவார். பாட்டிக்குத் திருவிவிலியம் ஒட்டவே இல்லை. “அர்த்தம் புரியுது. ஆனா சாமி பேசுற மாதிரி இல்ல, ரேடியோல செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கு” என்றார். கத்தோலிக்க சிஸ்டர் உட்பட எல்லாரும் சிரித்தோம்.

வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் மலேசியாவில் 1999 முடிவோடு முழுக்க நீங்கியது. 2008இல் ஜார்ஜ்டவுன் உலகப் பாரம்பரிய நகரமானது. இரண்டுக்கும் நடுவிலும் பின்னரும் உள்நகரத்துக் கடைவீடுகளில் பரம்பரையாகக் குடியிருந்தவர்கள் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். எங்கள் மாடிவீட்டு சிஸ்டர் கடைசி ஆட்களில் ஒருவர். அவருக்கும் காலி பண்ணச் சொல்லி வந்துவிட்டது. இப்போது கூட்டம் ஆயர் ஈத்தாமில் ஓர் அடுக்குமாடி வீட்டில் நடக்கிறது. லிப்ட் இருக்கிறது, என் துணை தேவையில்லை. அம்மா தனியாகவே போய்வருகிறார்.

மாடியில் நடந்த கடைசிக் கூட்டங்களில் ரூத் புத்தகம் போய்க்கொண்டிருந்தது. நாலே அதிகாரம், சின்னக் கதை. பெத்லகேமில் பஞ்சம். நகோமியும் புருஷனும் இரண்டு மகன்களோடு மோவாபுக்குப் பிழைக்கப் போகிறார்கள். மகன்கள் அங்கேயே பெண் எடுக்கிறார்கள். பிறகு மூன்று ஆண்களும் செத்துப்போகிறார்கள். மாமியார் ஊர் திரும்பும்போது, ஒரு மருமகள் ஓர்பாள் அழுதுவிட்டுத் தாய்வீட்டுக்குத் திரும்புகிறாள், மற்றவள் ரூத் விடாமல் கூடவே வருகிறாள். பிரசங்கங்களில் ரூத் எப்போதும் நல்ல மருமகள், கல்யாண வீடுகளில் தவறாமல் வந்துவிடுவாள்.

முதல் அதிகாரம் முடிந்ததும் பாட்டி ஆரம்பித்தார். “பஞ்சம் பொழைக்கப் போயி அங்கயே ஆளுங்கள மண்ணுல வச்சிட்டு வந்தவ. எங்கம்மா கதை.” அவர் அம்மா திரும்பிப் போகவில்லை என்பது ஒன்றுதான் வித்தியாசம். தையல் வேலை செய்யும் சிஸ்டர், அப்புறம் ராத்திரியில் களத்துக்குப் போய் போவாஸ் காலடியில் படுக்கச் சொல்வதும் இந்த மாமியார்தானே, நம் வீட்டுப் பெண்ணை அனுப்புவோமா என்று கேட்டார். அது மூணாம் அதிகாரம், அங்கே போகும்போது பேசலாம் என்று அம்மா அடக்கினார். அப்போது, எந்தச் சபைக்கும் ஒழுங்காகப் போகாத அந்த சிஸ்டர் கேட்டார்:

“அந்த ஓர்பாள் அம்மா வீட்டுக்குத்தானே போனா. அதுல என்ன தப்பு? மாமியாரே போன்னுதானே சொன்னா?”

யாரும் உடனே பதில் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு சிஸ்டர் எங்களோடு இருந்தார். முந்தின வருடம் அவருடைய மகன் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்திருந்தான். மருமகளும் இரண்டு பிள்ளைகளும் அவரோடுதான் இருந்தார்கள். அந்தப் பெண் தாய்வீட்டுக்குப் போக வேண்டும் என்று சொல்வதும், இவர் விடமாட்டேன் என்பதும் எங்கள் எல்லாருக்கும் தெரியும். அவருக்காக ஜெபித்துக்கொண்டும் இருந்தோம், மருமகள் மனம் மாற வேண்டும் என்று. கேள்வி கேட்டவர் இதை நினைத்துத்தான் கேட்டாரா என்பதை நான் இன்றுவரை கேட்டதில்லை. பாட்டி மட்டும் மெதுவாகச் சொன்னார், “அவள தப்புன்னு அதுல எழுதல. திரும்ப வாசிச்சுப் பாருங்க.” திரும்ப வாசித்தோம். எழுதியிருக்கவில்லை. அவள் அழுதாள், மாமியாரை முத்தமிட்டாள், போனாள், அவ்வளவுதான் இருந்தது. அத்தனை வருடமும் அவளைக் கெட்டவளாக்கியது பிரசங்கம்தான்.

அடுத்த வியாழன் அந்த சிஸ்டர் கொஞ்சம் தாமதமாக வந்தார். கறிபாப் வாங்கி வந்திருந்தார். உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு, பொதுவாக யாரையும் பார்க்காமல் சொன்னார்.

“மருமக ஈப்போவுக்குப் போறா, சனிக்கிழமை. பிள்ளைங்களையும் கூட்டிட்டுத்தான். நான்தான் போகச் சொன்னேன். லீவு விட்டா அனுப்பி வைக்கிறேன்னிருக்கா.”

பாங்கு தொடங்கியது. அம்மா எழுந்து எல்லாருக்கும் தே-ஓ ஊற்றினார். அது முடிந்ததும் பாட்டி தன் முன்னால் திறந்திருந்த புத்தகத்தைத் தடவிக்கொண்டே, “ரெண்டாம் அதிகாரம், யாரு வாசிக்கிறீங்க?” என்றார்.